யந்திரத்தைக் குறை கூறுமுன் நீரின் வேகத்தை அளப்போம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களிலும், அவற்றைச் சார்ந்து வாழும் சுந்தரபாண்டியம் போன்ற பேரூர்களிலும், நடுத்தரக் குடும்பங்களின் சமையலறைகளுக்குள் பாத்திரம் கழுவும் யந்திரம் இப்போது அடியெடுத்து வைக்கிறது. இடத்துக்கு இடம் நகர்த்திக் கொள்ளக்கூடியதும், சமையல் மேடையின்மீதே வைத்துக் கொள்ளக்கூடியதும், சுவரை உடைக்காமல் ஏற்கெனவே உள்ள குழாயிலேயே பொருத்திக் கொள்ளக்கூடியதுமான சிறு யந்திரங்கள் வந்துவிட்டமையால், வாடகை வீட்டில் இருப்பவர்களும்கூட அதை வாங்கத் துணிகிறார்கள். ஆயினும், ஆசையோடு வாங்கிய யந்திரம் சில நாட்கள் ஓடிவிட்டு, தண்ணீர் போதவில்லை என்று விளக்கை மினுக்கி நின்றுவிடுவதும், பழுது பார்க்க வந்தவர் ஒன்றும் பழுதில்லை என்று சொல்லிச் செல்வதும், கடைசியில் அது துணி போர்த்திய பெட்டியாக மூலையில் ஒதுங்குவதும் பல வீடுகளுக்கு நேரக்கூடிய கதியே. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் குற்றம் யந்திரத்தினுடையதும் அன்று, வாங்கியவருடையதும் அன்று; குழாயில் வரும் தண்ணீருக்கு வேண்டிய வேகம் இல்லை என்பதே காரணம். அந்த வேகம் அளக்கக்கூடியது, குறைவு கண்டால் திருத்தக்கூடியது; அதை அளந்து சொல்லும் கடமை வாங்குகிறவரைக் காட்டிலும் விற்கிறவருக்கும், வீடு கட்டுகிறவருக்கும், நீர் வழங்கும் நகராட்சி, பேரூராட்சிகளுக்குமே அதிகமாக உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள், நம் வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவர் யார் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தின் நூற்பாலைகளில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறியின் அருகே பகல் முழுவதும் நின்ற பெண்ணுக்கும், வீட்டில் முதலில் எதிர்ப்படுவது கழுவப்படாத பாத்திரக் குவியலே. சமைப்பதில் ஒரு படைப்பின் மகிழ்ச்சியாவது உண்டு. உண்டு முடித்த தட்டுகளையும், அடிப்பிடித்த குக்கரையும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியையும் நாள்தோறும் இரண்டு மூன்று வேளை தேய்ப்பதில் அதுவும் கிடையாது. இடுப்பு வலியையும், சவர்க்காரத்தால் வெடித்த விரல்களையும் குடும்பத்தின் இயல்பான செலவுகளில் ஒன்றாகக் கருதி வந்த வழக்கம் போதும். அந்தச் சிரமத்தில் ஒரு பங்கையாவது ஓர் யந்திரம் ஏற்றுக்கொள்ளுமானால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கு, அந்த வேலையை ஒருநாளும் செய்தறியாதவர்களுக்கு உரிமை இல்லை.

தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த விருதுநகர் மாவட்டத்தில் இவ்வளவு நீர் குடிக்கும் யந்திரம் தகுமா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி; ஆனால் கணக்குப் போட்டால் விடை வேறாக இருக்கிறது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயைத் திறந்து வைத்தபடி கால்மணி நேரம் பாத்திரம் கழுவினால் 90 லிட்டர் போய்விடுகிறது. யந்திரமோ ஒரு சாதாரணச் சுற்றுக்கு 10 லிட்டர் அளவிலும், பிசுக்கு மிகுந்த பாத்திரங்களுக்கான சுற்றுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டு, அதே நீரைச் சுழற்றிச் சுழற்றிப் பீய்ச்சுகிறது. வாளியில் அளந்து எடுத்த நீரில் சிக்கனமாகக் கழுவும் பழைய தலைமுறைப் பெண்மணிகளை யந்திரம் வெல்வது கடினம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று குழாயடியில் கழுவும் முறையோடு ஒப்பிட்டால் யந்திரமே சிக்கனமானது. 2019 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வரையறுத்திருக்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது 220 லிட்டர். அதில் 90 லிட்டரைப் பாத்திரத்துக்கே கொடுத்துவிடுவதா, 10, 15 லிட்டரோடு நிறுத்திக்கொள்வதா என்பது இப்பக்கத்துக் குடும்பங்களுக்கு வெறும் வாதம் அன்று.

இனி, நீரின் வேகம் இந்த யந்திரத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886 டிசம்பர் 28-ல் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பலரது பார்வைக்கு வந்தது. பாத்திரங்களைப் பிரஷ்ஷால் தேய்ப்பதற்குப் பதிலாக, கம்பிக் கூடைகளில் அடுக்கி, சவர்க்காரம் கலந்த வெந்நீரை அவற்றின்மீது விசையோடு பாய்ச்சுவதே அவருடைய யுக்தி. இன்றைய யந்திரங்களும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. பாத்திரத்தின்மீது நீரைப் பாய்ச்சும் விசையை யந்திரத்தினுள் இருக்கும் மோட்டாரே உண்டாக்கிக் கொள்கிறது. ஆனால் அந்த மோட்டாருக்கு வேண்டிய நீர், குறித்த காலத்துக்குள், குறித்த அளவு உள்ளே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு யந்திரம் நம் வீட்டுக் குழாயையே நம்பியிருக்கிறது. இதை வடிவமைத்தவர்கள், தெருக் குழாயில் இரவும் பகலும் அழுத்தம் குறையாமல் நீர் நிற்கும் நகரங்களை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள். நாமோ மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வரும் நீரைக் கொண்டு வாழ்கிறோம்.

யந்திரத்தின் நீர் நுழையும் வாயில் மின்சாரத்தால் திறக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. மின்சாரம் அதில் ஒரு சிறு துவாரத்தை மட்டுமே திறக்கிறது. அதன்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டை மேலே தூக்கி வழிவிட வேண்டியது வந்து மோதும் நீரின் சொந்த அழுத்தமே. அழுத்தம் குறைந்தால் தகடு முழுவதும் எழும்பாது. வால்வு அரைக் கண் மூடியபடியே இருக்கும். நீர் கசிவாக வரும். குறித்த நேரத்துக்குள் வேண்டிய அளவு நிரம்பவில்லை என்று கண்டதும் யந்திரம் எச்சரிக்கை காட்டி நின்றுவிடுகிறது. சில யந்திரங்கள் நிற்காமல் குறைந்த நீரோடேயே ஓடும். அப்போது உள்ளே மோட்டார் வறட்டுச் சத்தம் போடும், சவர்க்காரப் பொடி கரையாமல் கட்டியாக நிற்கும், தட்டில் பருக்கை ஒட்டியபடியே வெளிவரும். பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்று சவர்க்காரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள், உள்ளே நீர் வந்ததா என்பதை முதலில் பார்ப்பது நலம்.

அழுத்தத்தின் கணக்கு மிக எளிது. கண்மாய் நிறைந்திருக்கும் காலத்தில் மடைவாயிலிருந்து வயலுக்குப் பாயும் வேகமும், கண்மாய் வற்றி அடித்தண்ணீர் நிற்கும் காலத்தில் அதே மடையிலிருந்து நெளிந்து வரும் வேகமும் எவ்வளவு வேறு என்பது இப்பக்கத்து விவசாயி ஒவ்வொருவருக்கும் பிரத்தியட்சம். மடை மாறவில்லை, வாய்க்கால் மாறவில்லை. மேலே நின்ற நீரின் உயரம்தான் மாறியது. அதையே எண்ணால் சொன்னால், நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே உள்ள குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். 1 மீட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் ஏறக்குறைய 190 அடி உயர ராஜகோபுரத்தின் உச்சி அளவுக்கு ஒரு தொட்டியை உயர்த்தி வைத்துவிட்டால் அடிவாரத்துக் குழாயில் 6 பாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் நிற்கும். தொட்டி எவ்வளவு பெரிது என்பதற்கும் அழுத்தத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 500 லிட்டர்த் தொட்டியை எடுத்துவிட்டு 2000 லிட்டர்த் தொட்டி வைத்தாலும், உயரம் அதுவேயானால் வேகமும் அதுவே.

பாத்திரம் கழுவும் யந்திரங்கள் பலவற்றின் கையேடுகள், நுழைவாயிலில் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும் என்று கூறுகின்றன, 0.3 பாரே போதும் என்று கூறுவனவும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் நகர்த்தக்கூடிய யந்திரங்களில் பல, சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு கேட்கின்றன; அது 14 மீட்டர் உயர நீருக்குச் சமம். இப்போது சுந்தரபாண்டியத்தில் மாடி எடுக்காத ஒரு தளவீட்டை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து மொட்டைமாடியின் மேற்பரப்பு 3.2 மீட்டர், தொட்டி நிற்கும் மேடை 2 அடி, அதாவது 0.6 மீட்டர், தொட்டி நிறைந்திருந்தால் நீர் 1 மீட்டர், ஆகத் தரையிலிருந்து நீர்மட்டம் 4.8 மீட்டர். சமையல் மேடையில் வைத்த யந்திரத்தின் நுழைவாய் தரைக்கு மேல் 0.9 மீட்டரில் இருக்கும் என்றால், மிஞ்சும் உயரம் 3.9 மீட்டர். அதாவது தொட்டி தளும்ப நிறைந்திருக்கும்போதும் 0.4 பாரைத் தொடாது. தொட்டி வற்றும்போது 0.3 பாருக்கும் கீழே போய்விடும். காலையில் மோட்டார் போட்டதும் நன்றாக ஓடிய யந்திரம் மாலையில் ஏன் நின்றுவிடுகிறது என்னும் மர்மத்துக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. தரையில் சக்கரத்தோடு நிற்கும் யந்திரத்துக்கு நுழைவாய் தாழ்வாக இருப்பதால் ஏறக்குறைய 0.8 மீட்டர் லாபம் கிடைக்கிறது, அப்போதும் அழுத்தம் 0.5 பாருக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை; மாடியில் குடியிருப்பவருக்குத் தளவீட்டுக்காரரின் நிலையே.

இதுவரை சொன்னது நீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள அழுத்தம். ஓடத் தொடங்கினால் குழாயின் உராய்வும், ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு வால்வும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. நம்மவர்களில் பலர் கவனியாத உண்மை ஒன்று இங்கே இருக்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் நீர் பாதியாகக் குறைவதில்லை. அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. தொட்டியிலிருந்து 1 அங்குலக் குழாயில் இறங்குவதற்கும் அரை அங்குலக் குழாயில் இறங்குவதற்கும் உள்ள தாரதம்மியம் அவ்வளவு. வீடு கட்டும்போது குழாயில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், பிற்காலத்தில் சமையலறையில் ஆயிரக்கணக்கான ரூபாய் யந்திரத்தை முடக்கிப் போடுகிறது. மேலும், மொட்டைமாடியில் வெயிலில் கிடந்து தொய்ந்துபோன பிளாஸ்டிக் குழாய் மேடும் பள்ளமுமாக வளைந்திருந்தால், மேட்டில் காற்று தங்கி நீரை மறித்துக்கொள்ளும். தொட்டியின் வெளிவாயில் கேட் வால்வுக்கு அடுத்தாற்போல் நிமிர்த்தி வைக்கும் காற்றுக்குழாய் இதற்காகவே ஏற்பட்டது. அதை அனாவசியம் என்று விட்டுவிடும் வீடுகளில் தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பும்போதெல்லாம் இந்தத் தொல்லை வரும்.

ஆகவே, யந்திரம் நின்றால் செய்யவேண்டிய முதற் காரியம் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவது அன்று. ஒரு வாளியை எடுப்பது. யந்திரத்தின் குழலைக் கழற்றிவிட்டு, அது பொருத்தப்பட்டிருந்த குழாயை முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்பது பல கையேடுகள் கூறும் கீழ் எல்லை. ஒரு நிமிஷத்துக்குள் வாளி நிரம்பினால் குழாய் வரையில் நீர் சரியாகவே வருகிறது. கோளாறு குழலிலோ யந்திரத்திலோ இருக்கிறது. இரண்டு மூன்று நிமிஷமானால் யந்திரத்தைத் தொடவே வேண்டாம். கோளாறு குழாய்க்கு மேலே இருக்கிறது. இந்தப் பரீட்சையைத் தொட்டி நிறைந்தபோது ஒருமுறையும், வற்றியபோது ஒருமுறையும் செய்துவிட்டால் பாதி விசாரணை முடிந்தது.

நீர் குறைவு என்று தெரிந்தால், அதே தொட்டியிலிருந்து வரும் மற்றக் குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். குளியலறை, கொல்லைப்புறம் எங்கும் அதே மந்தம் என்றால் மாடிக்கு ஏறித் தொட்டியின் வெளிவாயைப் பாருங்கள். அடியில் படிந்த சேறும் பாசியும் வாயை அடைத்திருக்கலாம்; கேட் வால்வின் கைப்பிடி சுழன்றாலும் உள்ளே தகடு அறுந்து பாதியில் தொங்கலாம். மற்றக் குழாய்கள் நன்றாக ஓடிச் சமையலறைக் குழாய் மட்டும் மெலிந்திருந்தால், குறை அந்தக் கிளையில். சின்க்குக்குக் கீழே உள்ள சிறு வால்வை யாரேனும் பாதி மூடி வைத்திருப்பதும், குழாயின் நுனியில் நீரை மென்மையாக விழச் செய்வதற்காக வைத்த சல்லடையில் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்திருப்பதும் மிகச் சாதாரணம். குழாயில் மாட்டிக் கழற்றும் யந்திரங்களுக்கு அந்த நுனிச் சல்லடையே முதல் எதிரி. அதைத் திருகிக் கழற்றிவிட்டு, யந்திரத்தோடு வந்த இணைப்பை நேராகப் பொருத்த வேண்டும். சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் சாதனத்தின் வெந்நீர்க் குழாயில் யந்திரத்தை இணைத்திருந்தால், அந்தச் சாதனம் பெரும்பாலும் நீண்ட குழாயோடு இருப்பதால், அழுத்தம் இன்னும் குறையும். யந்திரம் தானே நீரைச் சுடவைத்துக் கொள்ளுமாதலால் தண்ணீர்க் குழாயே போதும்.

குழாயில் நீர் தாராளமாக வந்தும் யந்திரம் நிரம்பவில்லையானால், மின்சார இணைப்பை உருவிவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். நகர்த்தி நகர்த்தி வைக்கும் யந்திரங்களில் குழல் சுவரோடு நசுங்கி மடிந்திருப்பது முதற் சந்தேகம். அடுத்தது, குழலின் முனையிலும் யந்திரத்தின் நுழைவாயிலும் உள்ள நுண்ணிய கம்பி வலை. புதுக் குழாய் போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவலும், மரைக்குச் சுற்றிய வெள்ளை டேப்பின் துணுக்கும், தொட்டி மண்ணும் அங்கேதான் வந்து தங்குகின்றன. வலையை இடுக்கியால் மெல்ல எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி பொருத்த வேண்டும். தொல்லையாக இருக்கிறதென்று அதை எறிந்துவிடுவது வால்வையே கெடுக்கும். யந்திரத்தின் அடித்தட்டில் கசிவு நீர் தேங்கியிருந்தால், வெள்ளப் பாதுகாப்புக்காக வைத்த மிதவை நீர் வருவதைத் தடுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகே வால்வு பழுதென்று தீர்மானிக்கலாம். அதை மாற்றுவது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை.

இப்பகுதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு வழங்குகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், காய்ச்சும்போது அவை வெள்ளைப் படிவமாக இறங்கி வலையையும் வால்வையும் தெளிப்பான் துவாரங்களையும் அடைக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தரவரையறை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அளவைத் தெரிந்துகொண்டு, நீரை மென்மையாக்கும் அமைப்பு யந்திரத்தில் இருந்தால் அதை அதற்கேற்பத் திருப்பி வைத்து, அதற்கென்றே விற்கும் பருமனான உப்பை இட்டு வரவேண்டும். சமையல் உப்பு உதவாது. படிவம் ஏறிய வலையைச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும்.

உயரமோ குழாயின் அகலமோ போதவில்லை என்று கணக்கு சொன்னால் வழி மூன்று. முதலாவது, தொட்டியின் மேடையை உயர்த்துவது. 1 மீட்டர் உயர்த்தினால் 0.1 பார் கிடைக்கும், ஆயினும் ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதை மறவாமல், பொறியாளரின் யோசனை பெற்றே செய்ய வேண்டும். இரண்டாவது, தொட்டியிலிருந்து சமையலறைக்கு மட்டும் வளைவு குறைந்த 1 அங்குலக் குழாய் ஒன்றைத் தனியே இறக்குவது. செலவு குறைவு, பலன் நிரந்தரம், மின்சாரம் வேண்டாம். ஆகையால் என் சிபாரிசு பெரும்பாலும் இதற்கே. மூன்றாவது, தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் குழாயைத் திறந்தால் தானே ஓடி மூடினால் தானே நிற்கும் சிறு பிரஷர் பம்பு ஒன்றை வைப்பது. நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்வதால் எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் ஸ்விட்சும் அதற்கு இன்றியமையாதவை. தொட்டி வற்றினால் தானே நிற்கும் ஏற்பாடும் வேண்டும். ஆனால் ஒன்று: அந்தப் பம்பைத் தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்பில் ஒருபோதும் வைக்கலாகாது. அது சட்டவிரோதம் என்பது மட்டும் அன்று. நம் வீட்டுப் பாத்திரத்துக்காகத் தெருக்கோடி வீட்டுக்காரரின் குடிநீரை உறிஞ்சுவதாகும். உறிஞ்சும் வேகத்தில் விரிசல் கண்ட குழாய்க்குள் சாக்கடை நீர் புகுந்து ஊருக்கே நோய் கொடுப்பதாகும். இம்மூன்றும் இயலாத வாடகை வீட்டாருக்கு, செம்பால் மொண்டு ஊற்றி நிரப்பும் சொந்தத் தொட்டியோடு வரும் சிறு யந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குழாயின் அழுத்தமே வேண்டியதில்லை.

இதுவரை வீட்டார் செய்யவேண்டியதைச் சொன்னேன். ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டார் தலையிலேயே கட்டுவது நியாயம் அன்று. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999-ல் வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு, ஒரு தளக் கட்டடங்கள் உள்ள பகுதியில் நுகர்வோரின் இணைப்பில் குறைந்தது 7 மீட்டரும், இரண்டு தளத்துக்கு 12 மீட்டரும், மூன்று தளத்துக்கு 17 மீட்டரும் நீரின் அழுத்த உயரம் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதித்தது. இந்த எண்களை மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள். 7 மீட்டர் என்பது 0.7 பார், சமையல் மேடையின் உயரத்தைக் கழித்த பிறகும் யந்திரம் கேட்கும் 0.5 பாருக்கு மேலேயே நிற்கும். அந்த விதி தெருக்குழாயில் நாள் முழுவதும் நிறைவேற்றப்படுமானால் நிலத்தடித் தொட்டியும் வேண்டாம், மாடித் தொட்டியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். விட்டு விட்டு வரும் நீரைக் கீழே இறக்கிச் சேமித்து, மறுபடி மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றி, அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் கீழே இறக்கிக் கொள்ளும் இந்தச் சுற்றுவழி, பொதுக் குழாயின்மீது நம்பிக்கை இல்லாமையால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செலுத்திவரும் வரியாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கு, உயரத்திலிருந்து இறங்கும் நீரின் பலம் தெரியாதது அன்று. ராஜபாளையத்துக்கு அதன் 6-ஆவது மைல் நீர்த்தேக்கம் மலை நீரைத் தேக்கி வழங்குகிறது. வத்திராயிருப்புக்கு அருகே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் மலையிலிருந்து இறங்கும் நீரை வயல்களுக்காகத் தேக்குகின்றன. தொலைவிலிருந்து தாமிரபரணியின் நீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. நீர் எவ்வளவு வருகிறது என்று எப்போதும் பேசுகிறோம். எந்த அழுத்தத்தில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒடிசாவின் பூரி நகரம் 2021 ஜூலையில் இருபத்துநான்கு மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் கிடைக்கும் நகரமாயிற்று. கோயம்புத்தூரிலும் அத்தகைய தொடர் வழங்கலுக்கான பணி மேற்கொள்ளப்பட்டது. ஆகவே நம் நாட்டில் இது நடவாத காரியம் அன்று.

எனவே நான் வேண்டுவன ஐந்து. யந்திரத்தை விற்கும் கடைக்காரர், பணம் வாங்குமுன் தம் ஆளை அனுப்பி, வாளியாலும் ஒரு சிறு அழுத்தமானியாலும் அந்த வீட்டுக் குழாயை அளந்து, எழுத்தில் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள், வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை மட்டுமன்றி, அது மாடித் தொட்டியின் எத்தனை அடி உயரத்துக்குச் சமம் என்பதையும் பெட்டியின்மீதே தமிழில் அச்சிட வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரிகளும் பொறியாளர்களும், சமையலறைக்குத் தனிக் குழாயும் காற்றுக்குழாயும் இல்லாமல் வேலையை முடித்ததாகக் கருதலாகாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு ரெஞ்சோடு அழுத்தமானியையும் பழக்க வேண்டும். நகராட்சிகளும் பேரூராட்சிகளும், எந்தத் தெருவுக்கு எந்த நாளில் நீர் வரும் என்று அறிவிப்பதுபோல, தெருக்கோடிக் குழாயில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்பதையும் அளந்து அறிவிக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவும் யந்திரம் வாங்க உத்தேசித்திருந்தால், கடைக்குப் போகுமுன் தொட்டியின் நீர்மட்டம் முதல் சமையல் மேடை வரை உள்ள உயரத்தை ஒரு கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டையும் கடைக்காரரிடம் காட்டி, இந்த நீருக்கு இந்த யந்திரம் ஓடுமா என்று கேளுங்கள். ஓடும் என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டுமே வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள், அதை விற்றுவிடத் தீர்மானிக்குமுன் குழாயைச் சீர்செய்து பாருங்கள். வீட்டுப் பெண்களின் சிரமத்தைக் குறைக்க அந்தச் செலவு தகும்.